கெடுத்தவர் ஈடு கட்டும் ஊரில் வலி மாத்திரைக்கு யார் பொறுப்பு?

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் படிக்காமல் இந்தியாவில் யாரும் சுற்றுச்சூழல் சட்டம் படித்து முடிக்க முடியாது. நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, பாலாற்றில் கழிவைக் கலந்த தோல் தொழிற்சாலைகளைப் பார்த்துச் சொன்னது இதுதான்: கெடுத்தவர்தான் ஈடு கட்ட வேண்டும். பாதிக்கப்பட்டவருக்குக் கொடுப்பதோடு கணக்கு தீராது, கெட்டுப்போன மண்ணையும் நீரையும் மீட்கிற செலவும் அவர் தலையில்தான். அந்தத் தீர்ப்பின் வழியே அமைந்த ஆணையம் 2001-இல் 547 தொழிற்சாலைகளை அடையாளம் கண்டு, 29,193 பேருக்கு சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு என்று கணக்கிட்டது. ஆனாலும் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்று மாசு வழக்கில் இழப்பீட்டைக் கொடுத்து முடிக்கும்படி உத்தரவிட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்பு வந்து இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் பணம் முழுதாகக் கைக்கு வந்து சேரவில்லை. ஆனால் யார் கொடுக்க வேண்டும் என்பதில் மட்டும் அதற்குப் பிறகு யாருக்கும் குழப்பமில்லை.

அதே ஆற்றுப்படுகை ஊர்களில், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டையில், இப்போது வேறொரு கழிவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அது குழாய் வழியாக வருவதில்லை. பத்துப் பத்தாக அட்டையில் வருகிறது. நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அந்தச் செய்தியின் வார்ப்பு மனப்பாடம்: வலி நிவாரணி மாத்திரைகளைப் போதைக்காக விற்ற இளைஞர்கள் கைது, இத்தனை அட்டை பறிமுதல், இரண்டு செல்போன், ஒரு பைக். கடைசி வரியில் ‘மேலும் விசாரணை நடக்கிறது’ என்றிருக்கும். அந்த விசாரணை மாத்திரையைத் தயாரித்த கம்பெனியின் வாசல் வரை போனதாக அடுத்த நாளோ அடுத்த மாதமோ செய்தி வந்து நான் பார்த்ததில்லை.

உலகம் முழுக்க மாத்திரைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை விவாதிக்கும்போது எடுத்துக்காட்டாக வருவது அமெரிக்கா. அதைச் சுருக்கமாகவாவது பார்த்துவிட்டுத்தான் நம் ஊருக்கு வர முடியும். ஏனென்றால் அங்கே நடந்ததை அப்படியே இங்கே பொருத்திப் பார்ப்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்.

ஹெராயினே ஒரு காலத்தில் மருந்துக் கடைச் சரக்குதான். ஜெர்மனியின் பேயர் கம்பெனி 1898-இல் அதை இருமல் மருந்தாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மார்ஃபினைப் போலப் பழக்கமாகாது என்றும் சொல்லி விற்றது. கிட்டத்தட்ட நூறு ஆண்டு கழித்து அதே வாக்குறுதியை இன்னொரு கம்பெனி கொடுத்தது. பர்டியூ ஃபார்மா 1996-இல் ஆக்ஸிகான்டின் என்ற மாத்திரையை இறக்கியபோது, அடிமையாகும் வாய்ப்பு மிகமிகக் குறைவு என்று மருத்துவர்களிடம் சொல்ல ஒரு பெரிய விற்பனைப் படையையே அனுப்பியது. அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டவற்றில் ஒன்று, 1980-இல் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்த ஐந்து வாக்கியக் கடிதம். முதுகு வலிக்கும் மூட்டு வலிக்கும் மருத்துவர்கள் எழுதித் தள்ளினார்கள். 2007-இல் கம்பெனி தவறாக விளம்பரப்படுத்தியதை ஒப்புக்கொண்டு 60 கோடி டாலருக்கு மேல் கட்டியது. 2010-இல் நசுக்க முடியாதபடி மாத்திரையை மாற்றியபோது, பழகிப்போனவர்களில் பலர் மலிவாகக் கிடைத்த ஹெராயினுக்குத் தாவினார்கள். பிறகு வந்தது அதைவிடப் பல மடங்கு வீரியமான ஃபென்டனில். 2022-இல் மட்டும் அளவுக்கு மீறிய போதையால் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,08,000 பேர் இறந்தார்கள்.

அங்கே பொறுப்பு யார் மேல் விழுந்தது? தாமதமாக, அரைகுறையாக, ஆனால் மேலே இருந்தவர்கள் மேல். மூன்று பெரிய மொத்த விநியோக நிறுவனங்களும் ஜான்சன் அண்ட் ஜான்சனும் சேர்ந்து 2,600 கோடி டாலருக்கு உடன்பட்டன. பர்டியூவின் உரிமையாளர்களான சாக்லர் குடும்பத்துக்கு இனி யாரும் வழக்குப் போட முடியாத பாதுகாப்பைக் கொடுத்த ஒப்பந்தத்தை 2024 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அமிர்தசரஸில் பிறந்து அமெரிக்காவில் இன்சிஸ் என்ற கம்பெனியைத் தொடங்கிய ஜான் கபூர், தன் கம்பெனியின் ஃபென்டனில் மருந்தை எழுதித் தருவதற்காக மருத்துவர்களுக்கு லஞ்சம் கொடுத்த வழக்கில் 2020-இல் ஐந்தரை ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார்.

அமெரிக்கக் கதையில் நுழைவாயில் மருத்துவரின் மேசை. 2000-க்குப் பிறகு ஹெராயினுக்கு வந்தவர்களில் நால்வரில் மூவர் முதலில் தொட்டது மருந்துக் கடை ஓபியாய்டை, அதாவது அபின் வகை வலி மருந்தைத்தான் என்று 2014-இல் ஓர் ஆய்வு காட்டியது. தமிழ்நாட்டில் இந்த வரிசை தலைகீழ்.

சென்னைக்கு ‘பிரவுன் சுகர்’ என்ற கலப்பட ஹெராயின் எண்பதுகளில் வந்தது. புகைத்துப் பழகியவர்களுக்கு அது கிடைப்பது அரிதாகி விலையும் ஏறிய தொண்ணூறுகளில், அவர்களில் பலர் புப்ரெநார்ஃபின் என்ற வலி ஊசிக்கு மாறினார்கள். மருந்துக் கடையில் ஆம்பியூலாக, மலிவாகக் கிடைத்தது அது. ஹெராயினிலிருந்து மருந்துக்கு, புகையிலிருந்து ஊசிக்கு. ஊசியைப் பகிர்ந்துகொண்டதில் என்ன நடந்தது என்பதற்கு எண் இருக்கிறது: 2005-06-இல் சென்னையில் ஊசி போட்டுக்கொள்வோரிடம் நடந்த ஆய்வில் நால்வரில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை 1986-இல் முதன்முதலில் காட்டியதே வேலூர்தான். மருத்துவர் சுனீதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா சென்னையில் பாலியல் தொழிலாளர்களிடம் எடுத்த ரத்த மாதிரிகள், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) ஆய்வகத்தில்தான் பரிசோதிக்கப்பட்டன. மருந்துக் கடை ஊசி அந்த நோய்க்கு இன்னொரு பாதையைத் திறந்துவிடும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

வடகிழக்கில் இன்னும் கொடுமை. டெக்ஸ்ட்ரோப்ரொப்பாக்ஸிஃபீன் கலந்த, வயிற்று வலிக்கான காப்ஸ்யூலைக் கரைத்து ஊசியில் ஏற்றிய மணிப்பூர், மிசோரம் இளைஞர்களுக்குக் கை கால்களில் சீழ்க்கட்டிகள் வந்தன. உறுப்பை வெட்டியெடுக்கும் நிலைக்குப் போனவர்களும் உண்டு. வாயால் விழுங்கச் செய்த மாத்திரையில் மருந்தைத் தவிர மாவும் டால்க்கும் ஒட்டுப்பொருளும் இருக்கின்றன. வயிறு அவற்றைச் சமாளித்துக்கொள்ளும்; ரத்தக் குழாய்க்கு அந்த வேலை தெரியாது.

பிறகு டிராமடால். 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணையில் அது சேர்ந்தது. எழுதிக் கொடுத்த மருத்துவர், நோயாளி, எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது அந்த விதி. அப்படியும் நிற்காததால் 2018 ஏப்ரலில் மத்திய அரசு டிராமடாலைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. சந்தை சும்மா இருக்குமா? இன்று தமிழ்நாட்டுப் பறிமுதல் செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர் டாபென்டடால். டிராமடாலைவிட வீரியமானது, அந்தச் சட்டப் பட்டியலில் அப்போது சேர்க்கப்படாதது. கவனிக்க வேண்டிய ஒன்று: டிராமடால், டாபென்டடால் இரண்டும் ஒரே ஜெர்மன் கம்பெனியின் ஆய்வகத்தில் பிறந்தவை. ஆகென் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட குருனென்தால். கருவிலிருந்த பிள்ளைகளை ஊனமாக்கிய தாலிடோமைடைச் சந்தைக்குக் கொண்டுவந்த அதே கம்பெனி. அந்தப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்க அதற்கு 2012 வரை ஆனது.

ஆக, இங்கே இளைஞர்கள் மாத்திரைக்கு வருவது மருத்துவர் வழியாக இல்லை. முதுகு வலிக்குச் சீட்டு வாங்கி மெல்ல மெல்ல அடிமையானவர் என்ற அமெரிக்க உருவம் நம் ஊர்ப் பையனுக்குப் பொருந்தாது. அவனுக்கு வலியும் இல்லை, சீட்டும் இல்லை. மருத்துவரைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். நம் கதையில் அவர் பெரும்பாலும் ஆளே இல்லை. அவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேசைப்பலகை இருக்கிறது, மருந்துக் கடையின் மேசைப்பலகை.

அந்தப் பலகையில் நடப்பதைச் சாயங்கால ஆம்பூரில் நின்று பார்க்கலாம். ஷூ கம்பெனி பஸ்கள் பெண்களை இறக்கிவிட்டுப் போகிற நேரம். நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்து ஷூவின் மேல்பாகத்தைத் தைத்தவர்கள், அல்லது நின்றபடியே பசை தடவியவர்கள். தோள்பட்டையும் இடுப்பும் கழன்று விழுகிற மாதிரி வலி. “பாய், உடம்பு வலிக்கு ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்க.” சீட்டு எங்கே என்று கேட்கிற வழக்கம் கிடையாது. கடைக்காரர் கத்தரியை எடுக்கிறார். ஓர் அட்டையிலிருந்து இரண்டு, இன்னோர் அட்டையிலிருந்து இரண்டு, வயிறு எரியாமலிருக்க மூன்றாவதில் இரண்டு. சின்னக் காகித உறையில் போட்டு மடித்து, “சாப்பிட்டுட்டுப் போடும்மா” என்று கொடுக்கிறார். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அச்சாகியிருக்கிற ஓரம் கடையிலேயே நின்றுவிடுகிறது.

அந்த உறையில் இருப்பது பெரும்பாலும் ஓபியாய்டு கிடையாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், பாராசிட்டமால் போன்றவைதான். முதல் இரண்டும் வருடக்கணக்கில் கெடுப்பது குடலையும் சிறுநீரகத்தையும். மூன்றில் எதுவும் போதை தருவதல்ல. அந்த அம்மாவைப் போதைக் கணக்கில் எழுதுகிறவர் அவருக்கு இரண்டாவது அநியாயம் செய்கிறார். ஆனால் அவர் சீட்டில்லாமல் வாங்குகிற அதே பழக்கத்தின் நிழலில்தான் அடுத்த தெருப் பையனும் வாங்குகிறான். சீட்டுக் கேட்பதே அவமரியாதையாகத் தோன்றுகிற ஊரில், எந்த மாத்திரைக்குக் கேட்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்று ஒரு கடைக்காரர் மட்டும் தனியாகக் கோடு கிழிப்பது கடினம். நேர்மையான கடைக்காரர்கள் கிழிக்கத்தான் செய்கிறார்கள். பல மாவட்டங்களில் ஆட்சியர்கள் கடைகளில் கேமரா வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கேமரா முகத்தைப் பார்க்கும். பதிவேட்டில் எழுதியிருக்கும் மருத்துவர் பெயர் உண்மையா என்று அது பார்க்காது. இணையத்தில் ஆர்டர் போட்டு கூரியரில் வருகிற பெட்டியை அது பார்க்கவே பார்க்காது.

வலி எங்கிருந்து வருகிறது என்பதையும் விட்டுவிட முடியாது. தொழிற்சாலைப் பெண்களுக்காவது ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு, சம்பளத்தில் 0.75 விழுக்காடு அவர்களிடமும் 3.25 விழுக்காடு முதலாளியிடமும் பிடிக்கிறார்கள். ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனால் அரைநாள் சம்பளம் போகும், அதனால்தான் மெடிக்கல் ஷாப். வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்து, ஜோடிக்கு இவ்வளவு என்று வாங்குகிற பெண்களுக்கு அந்த ஈ.எஸ்.ஐ.யும் கிடையாது. ஐரோப்பியக் கடையில் அந்த ஷூவின் விலைப்பட்டியில் தோலுக்கும் கூலிக்கும் ஒரு கணக்கு இருக்கும். தோள்பட்டைக்கு இருக்காது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் தேவை. போதை என்றதும் எல்லா வலி மருந்தையும் பூட்டி வைத்துவிடத் துடிக்கும் கை நம் அரசுகளுடையது. 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபோது அதுதான் நடந்தது. உரிமம் மேல் உரிமம், தவறினால் கடுஞ்சிறை என்று வந்ததும் மருத்துவமனைகள் மார்ஃபின் வைப்பதையே விட்டுவிட்டன. 1985-இல் நாட்டில் மருத்துவத்துக்குப் போன மார்ஃபின் 716 கிலோ. 1997-இல் 18 கிலோ. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசே அபின் ஆலை நடத்தி உலகுக்கு ஏற்றுமதி செய்கிற நாட்டில், புற்றுநோயாளி கத்திக் கத்திச் செத்தார். 2014-இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகள் எளிதாக மார்ஃபின் வைக்க வழிசெய்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி காட்பாடியில் இறங்கி சி.எம்.சி.க்கு வருகிற புற்றுநோய்க் குடும்பங்களிடம் போய் ‘வலி மாத்திரை சமூகத்தைக் கெடுக்கிறது’ என்று பேச எனக்கு வாய் வராது. சரியாகக் கொடுத்தால் அது வலியை மட்டும் எடுத்துக்கொண்டு போகும் மருந்து. அதைத் தடை செய்வதைவிட, அது தெருவுக்குக் கசிகிற ஓட்டையை அடைப்பதுதான் வேலை.

ஓட்டை எங்கே? ஒவ்வொரு அட்டையிலும் தயாரிப்பு உரிம எண் இருக்கிறது, பேட்ச் எண் இருக்கிறது. பேரணாம்பட்டில் பிடிபட்ட அட்டை எந்த ஆலையில், எந்த மாதம் செய்தது, எந்த மொத்த வியாபாரிக்குப் போனது என்பதைக் காகித வழியில் பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்க முடியும். தோல் ஆலையின் கழிவுக் குழாயைத் தேடிப் போவதைவிட இது சுலபம்; கழிவுநீரில் யாரும் பேட்ச் எண் அச்சடிப்பதில்லை. நாடெங்கும் அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளில் கியூஆர் குறியீடு இருக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டிலிருந்து விதி வந்திருக்கிறது. அந்த 300-ஐத் தேர்ந்தது விற்பனையை வைத்து. போதைக்குத் திரும்பும் ஆபத்தை வைத்து இல்லை. போலி மருந்தைப் பிடிக்கும் ஆர்வம் நமக்கு உண்டு. அசல் மருந்து தவறான கைக்குப் போவதைப் பிடிக்கும் ஆர்வம் அந்த அளவுக்கு வரவில்லை.

அந்த ஆர்வம் வந்த ஒரு தடவை எப்படி வந்தது என்பதும் தெரிந்ததுதான். 2025 பிப்ரவரியில் பி.பி.சி. ஒரு மறைக் கேமராப் படத்தை ஒளிபரப்பியது. மகாராஷ்டிரத்தின் அவியோ என்ற கம்பெனி டாபென்டடாலையும் கேரிசோப்ரொடால் என்ற தசைத் தளர்த்தியையும் சேர்த்து மாத்திரையாக்கி, எங்குமே அனுமதி பெறாத அந்தக் கலவையை கானா, நைஜீரியா, ஐவரி கோஸ்ட் தெருக்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. உடம்புக்குக் கேடுதான், ஆனால் வியாபாரம் அப்படி என்று அதன் இயக்குநர் ஒருவர் கேமராவில் பேசியதும் வெளிவந்தது. சில நாட்களிலேயே மத்திய அரசு அந்தக் கலவையின் தயாரிப்பையும் ஏற்றுமதியையும் நிறுத்தியது. ஆப்பிரிக்கத் தெருவுக்குச் சில நாட்களில் முடிந்தது, ஆம்பூர்த் தெருவுக்கு ஏன் முடியவில்லை என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. வெளிநாட்டுக் கேமரா வந்தால்தான் நம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குக் கண் திறக்கும் என்றால், அதற்கு யாரைக் குறை சொல்வது?

விற்கிறவன், தின்கிறவன் ஆகிய இருவரும் குற்றமற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. தெரிந்தே பள்ளி வாசலில் மாத்திரை விற்கிற முப்பது வயது ஆளிடம் எனக்கு இரக்கமில்லை. இந்தப் பகுதியில் போதை வியாபாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2021 செப்டம்பர் சாட்சி: வாணியம்பாடியில் முன்னாள் கவுன்சிலர் வசீம் அக்ரம், தொழுகை முடித்து மகனோடு வெளியே வரும்போது வெட்டிக் கொல்லப்பட்டார். கஞ்சா கும்பலைப் பற்றித் தகவல் கொடுத்ததுதான் காரணம் என்றது போலீஸ். ஆனால் பதினாறு வயதுப் பையனையும் அந்த ஆளையும் ஒரே செய்தியில், ஒரே வரிசையில் நிறுத்திப் படம் எடுப்பது பொறுப்பைப் பங்கிடுவது ஆகாது.

சிகிச்சைப் பக்கம் வெறுமையாக இல்லை. சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் 1957-இல் தொடங்கியது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2025-இல் தமிழக அரசு 25 இடங்களில் ‘கலங்கரை’ என்ற ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களைத் திறந்தது. ஓபியாய்டுக்கு அடிமையானவருக்கு இன்று கொடுக்கும் முக்கிய மருந்துகளில் ஒன்று அதே புப்ரெநார்ஃபின், தொண்ணூறுகளில் சென்னைப் பையன்கள் ஊசியில் ஏற்றிய அதே சரக்கு. தினமும் மருத்துவமனையில், நாக்குக்கு அடியில் வைத்து, மேற்பார்வையில் கொடுக்கும்போது அது ஆளை வேலைக்குத் திரும்ப வைக்கிறது. எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் ஓபியாய்டு பயன்படுத்துவோர் ஏறத்தாழ 2.26 கோடி. அவர்களில் உதவி தேவைப்படும் நிலையில் இருந்தவர்கள் 77 லட்சம். இந்தச் சிகிச்சையின் செலவை இப்போது கட்டுவது வரி கட்டுகிறவர்களும், நகையை அடகு வைக்கிற அம்மாக்களும். பேட்ச் எண்ணை வைத்து மேலே போய், எந்த ஆலையின் சரக்கு ஒரு மாவட்டத்தில் தொடர்ந்து பிடிபடுகிறதோ அந்த ஆலையும் அதன் விநியோகஸ்தரும் அந்த மாவட்டத்தின் மீட்பு மையத்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்று ஒரு விதி கேட்பது அதிகப்படியான ஆசை இல்லை. ஆலைகளிடம் அதைக் கேட்கும் முறையை இந்தப் பகுதி வழக்கே உறுதிப்படுத்தியது.

சிகிச்சைக்கு வருவதிலும் ஒரு வினோதமான நிலை இருக்கிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, போதைக்கு அடிமையான ஒருவர் தானாகச் சிகிச்சைக்கு வந்தால் பயன்படுத்திய குற்றத்துக்கும் சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கும் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. ஹெராயின் பழகியவருக்கு அந்த வழி உண்டு, டிராமடால் பழகியவருக்கும் உண்டு. டாபென்டடால் அந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்கும்வரை அதை விழுங்கியதே அந்தச் சட்டப்படி குற்றமில்லை. அதனால் அந்தச் சட்டத்தின் விலக்கும் அதை விழுங்கியவனுக்குப் பொருந்தாது. வேறு பிரிவுகளில் வழக்குப் போட மட்டும் தடையில்லை. மகனை அடுக்கம்பாறைக்குக் கூட்டிப்போகலாமா, போனால் போலீசுக்குத் தெரியுமா என்று ஓர் அப்பா ஆம்பூரில் ஒரு வக்கீலிடம் போய்க் கேட்டால், சட்டப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அந்த வக்கீலாலும் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது.